கடலில் பிறந்த புள்ளி

மேசைமேல் ஒரு துண்டை விரித்து, கிட்டாரின் கழுத்தை அதன்மேல் கிடத்தியிருந்தேன். தந்திகளை முன்பே கழற்றியாயிற்று. பின்பக்கத்தில் நான்கு திருகுகளை எடுத்ததும் கழுத்து உடலை விட்டுத் தனியே வந்துவிட்டது. கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் 12ஆவதை ஒட்டி இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஒன்றின் நடுவில் மெல்லிய பிட்டால் துளை போட்டு, சின்னத் திருகை இரண்டு சுற்று முறுக்கி, குறடால் பிடித்து மேலே இழுத்தேன். ‘டப்’பென்று கழன்று வந்தது. பிளாஸ்டிக் வில்லை. சட்டைப் பொத்தானில் பாதி அகலம் இருக்கும். அது இருந்த இடத்தில் இப்போது வெளிறிய மரத்தோடு ஒரு குழி.

அதன் இடத்துக்கு வரப்போகிறவை பக்கத்தில் ஒரு சின்ன உறைக்குள் காத்திருந்தன. அசல் சிப்பி ஓட்டில் வெட்டிய பத்து வில்லைகள். 3, 5, 7, 9ஆம் ஃப்ரெட்டுகளுக்கு ஒவ்வொன்று, 12க்கு இரண்டு, 15, 17, 19, 21க்கு ஒவ்வொன்று. 21 ஃப்ரெட் கிட்டாருக்குக் கணக்கு அதோடு சரி.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்த ரிப்பேர்கார அண்ணன் ஆரம்பத்திலேயே ஒன்று சொன்னார்: “புள்ளிய மாத்துனா சத்தம் மாறாது தம்பி. ஆனா புள்ளிய மாத்தறேன்னு போயி கழுத்தையே கெடுத்துக்கிட்டு வந்தவங்க நெறைய பேரு.”

சத்தத்துக்கு உதவாத ஒன்றுக்கு ஏன் இந்தப் பாடு? அந்த வில்லை எங்கிருந்து புறப்பட்டது என்று பார்த்தால் பதில் கிடைக்கலாம்.

*

புறப்பட்ட இடம் வெதுவெதுப்பான கடல். வெள்ளி உதட்டுச் சிப்பி என்று வணிகர்கள் அழைக்கும் பிங்க்டாடா மாக்சிமா ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலும் இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் கடல்களிலும் வளர்கிறது. முத்துச் சிப்பிகளிலேயே பெரியது. ஓடு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கும் வளரும். வெளிப்புறம் கரடுமுரடு, பாசி படிந்த கல் போல. திறந்தால் உள்ளே நிலா.

அந்தப் பளபளப்பில் மாயம் எதுவும் இல்லை. சுண்ணாம்புக்கல் எதனால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட்டால்தான் சிப்பியின் உள்வரியும் ஆனது. அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. அரை மைக்ரான் கனமுள்ள தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையே புரதத்தைச் சாந்தாகப் பூசி, அந்த உயிரி வருடக்கணக்கில் ஒரு சுவர் எழுப்புகிறது. ஒவ்வொரு தகட்டின் கனமும் ஒளியின் அலைநீளத்துக்கு நெருக்கமாக இருப்பதால், மேலடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் கீழடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்களைக் கூட்டுகின்றன, சிலவற்றை அழிக்கின்றன. சாயம் இல்லாமல் நிறம் வருவது இப்படித்தான். வில்லையைச் சாய்த்தால் நிறம் ஓடுவதற்கும் இதுவே காரணம்.

முத்துக்குளித்தல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தூத்துக்குடியும் மன்னார் வளைகுடாவும். அங்கே தேடியது முத்தை. முத்தை எடுத்த பிறகு ஓடு கரையில் குவியும். ஆஸ்திரேலியாவின் புரூம் நகரில் கதை நேர்மாறு. ஓடுதான் சரக்கு, முத்து அகப்பட்டால் மேல்வரும்படி. 1883இல் அமைந்த அந்த ஊர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சிப்பி ஓட்டு வணிகத்தின் நடுமையமாக இருந்தது. சட்டைப் பொத்தான், கத்திப் பிடி, சீப்பு என்று அன்றைய உலகம் கேட்டதெல்லாம் சிப்பி. அந்தச் சரக்கில் மிகச் சிறிய பங்குதான் இசைக்கருவிப் பட்டறைகளுக்குப் போனது.

அந்த ஓட்டுக்கு மனிதர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. முதலில் அந்த மண்ணின் பூர்வகுடிகளை, பெண்களையும் சேர்த்து, வலுக்கட்டாயமாகக் கடலுக்குள் மூச்சடக்கி இறக்கினார்கள். பிறகு செம்புத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் வந்தன. ஜப்பானியர்களும் மலாய்க்காரர்களும் இறங்கினார்கள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தவர்களின் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிட்டுக் கைகால்களை முடக்கியது, உயிரையும் எடுத்தது. புயல்கள் படகோடு ஆட்களை விழுங்கின. புரூமில் உள்ள ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்தில் 900க்கும் மேற்பட்டவர்கள் உறங்குகிறார்கள்.

இன்று பட்டறைகளுக்கு வரும் வெள்ளிச் சிப்பியில் கணிசமான பங்கு முத்துப் பண்ணைகளின் மிச்சம். அதாவது புரூமின் பழைய கணக்கு தலைகீழாகிவிட்டது. முத்துதான் சரக்கு, ஓடு மேல்வரும்படி.

ஓடு தட்டையாக இருப்பதில்லை, வளைந்திருக்கிறது. அதில் தட்டையாகவும் போதிய கனத்தோடும் உள்ள இடம் கொஞ்சம்தான். அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே குழாய் வடிவ வெட்டுப் பிட்டால் வட்ட வட்டமாக வெட்டுகிறார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் தூள் பறந்து நுரையீரலுக்குள் போகும். முகமூடி இல்லாமல் சிப்பியை அறுக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். சின்ன வட்டங்கள் நிறைய கிடைக்கும். பெரிய கட்டங்கள் அரிதாகத்தான் தேறும். புள்ளிகள் மலிவாகவும் பெரிய கட்டங்கள் விலை கூடியும் இருப்பதன் காரணம் அந்த ஓட்டின் வளைவு.

*

சிப்பியின் கதை இப்படி என்றால், நான் பிடுங்கிய பிளாஸ்டிக்குக்கும் ஒரு குலவழி உண்டு.

அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் பந்துகள் அன்று யானைத் தந்தத்தால் ஆனவை. தந்தத்துக்கு மாற்றுத் தேடிய ஜான் வெஸ்லி ஹையட், 1869 வாக்கில், நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சிழையைக் கற்பூரத்தோடு பிசைந்து செல்லுலாய்டை உருவாக்கினார். அதில் மினுமினுக்கும் தூளைக் கலந்து சுழித்து ஊற்றினால் சிப்பி மாதிரியே தெரிந்தது. முத்துப் பிளாஸ்டிக் என்று சொல்லத்தக்க அந்தச் சரக்கு 1920களில் பாஞ்சோக்களின் முகம் முழுக்கப் பரவியது. பிறகு சீப்பு, அக்கார்டியன், டிரம் என்று எல்லாவற்றிலும் ஏறியது. கழிப்பறை இருக்கைக்கும் அதே பளபளப்பு வந்ததால், கிட்டார் உலகத்தில் அதற்கு ஒரு கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. சிப்பியின் உள்வரியை ஆங்கிலத்தில் முத்தின் தாய் என்பார்கள் அல்லவா? இதைக் கழிப்பறை இருக்கையின் தாய் என்றார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் பொத்தான்கள் உலகச் சந்தையை நிறைத்தன. புரூமின் ஓட்டு வணிகம் சரிந்தது. சட்டையிலிருந்து சிப்பியைத் துரத்திய அதே பிளாஸ்டிக் கிட்டார் கழுத்திலும் குடியேறியது.

*

அந்தக் கழுத்தில் புள்ளிகள் முதலில் ஏன் வந்தன?

வயலினில் புள்ளி இல்லை. செவ்வியல் கிட்டாரின் முகத்திலும் வழக்கமாக இருப்பதில்லை. வாசிப்பவர் மடியில் கிட்டாரை நிமிர்த்தி வைத்துக் குனிந்தால் கண்ணில் படுவது கழுத்தின் முகம் அல்ல, மேல்விளிம்பு. அதனால்தான் விளிம்பில் 2 மில்லிமீட்டர் அளவில் தனியே சிறு புள்ளிகள் இருக்கின்றன. வாசிப்பவருக்கு வழிகாட்டுவது அவைதான். முகத்தில் பளிச்சிடும் பெரிய புள்ளிகளை அதிகம் பார்ப்பது எதிரே உட்கார்ந்திருப்பவர்.

ஆனாலும் புள்ளி நிற்கும் இடங்கள் தற்செயலானவை அல்ல. 12ஆம் ஃப்ரெட் தந்தியைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. அங்கே ஒரு ஸ்தாயி முடிந்து அடுத்தது தொடங்குகிறது. அதற்கு மரியாதையாக இரட்டைப் புள்ளி. 7ஆம் ஃப்ரெட் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 5ஆம் ஃப்ரெட் நான்கில் ஒரு பங்கு. அந்த இடங்களில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் விரல் வைத்து மீட்டினால் மணிபோல ஹார்மோனிக் எழும். ஆனால் புள்ளி நிற்பது ஃப்ரெட் கம்பியின் மேல் அல்ல, இரு கம்பிகளுக்கு நடுவில். 648 மில்லிமீட்டர் நீளமுள்ள தந்தியில் பாதி என்பது 324. புள்ளியின் மையமோ அதற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது. புள்ளியின் மேலேயே விரலை வைக்கும் புதியவருக்கு ‘டொக்’ என்று செத்த ஓசைதான் கிடைக்கும். அண்ணன் அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார்: “புள்ளி வீட்டு நம்பர் மாதிரி. கதவு பக்கத்துல இருக்கு.”

எலக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தைத் தொழிற்சாலைச் சரக்காக்கியவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950களில் அவர் செய்த கழுத்துகள் ஒரே துண்டு மேப்பிள் மரம். வெளிர் மரத்தில் கறுப்புப் புள்ளிகள். 1958இல் அவருடைய ஜாஸ்மாஸ்டர் கிட்டாரும் அடுத்த ஆண்டு மற்றக் கிட்டார்களும் ரோஸ்வுட் பலகைக்கு மாறின. இருண்ட மரத்துக்கு வெளிர் புள்ளி தேவைப்பட்டது. அப்போது பதித்தவற்றைச் சேகரிப்பாளர்கள் ‘களிமண் புள்ளி’ என்கிறார்கள். சுட்ட மண் அல்ல. மங்கிய, எலும்பு நிறத்தில் இருப்பதால் வந்த பெயர். 1964 முடியும் தறுவாயில் அதுவும் போய், முத்துப் பிளாஸ்டிக் வந்தது.

புள்ளி பதிந்த மரத்தின் பயணத்தில் நம் மலைகளுக்கும் பங்கு உண்டு. கிட்டார் உலகம் முதலில் கொண்டாடியது பிரேசில் ரோஸ்வுட்டை. 1960களில் அது கிடைப்பது கடினமாயிற்று. 1969இல் மார்ட்டின் கிட்டார் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. 1992இல் பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கே தடை வந்தது. இந்திய ரோஸ்வுட் என்று அவர்கள் சொல்வது நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் மரம்தான். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் வளர்ந்து, நம் வீட்டுக் கட்டிலும் அலமாரியும் ஆன அதே மரம் உலகத்தின் கிட்டார் கழுத்துகளில் ஏறியது. மேசையில் கிடந்த என் கிட்டாரின் பலகையும் ஈட்டிதான். குழியிலிருந்து உதிர்ந்த தூள் ஊதா கலந்த பழுப்பு, லேசான இனிப்பு மணம்.

*

அந்தத் தூளை ஒரு மூடியில் சேர்த்து வைத்துக்கொண்டேன். பிறகு வேண்டியிருக்கும்.

வெர்னியரை எடுத்தேன். பழைய வில்லை 6 மில்லிமீட்டர். புதியது கால் அங்குலம், அதாவது 6.35. ஆசியத் தொழிற்சாலைகளில் மெட்ரிக் கணக்கு, அமெரிக்க வழக்கத்தில் அங்குலக் கணக்கு. மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காகப் பத்துக் குழிகளையும் அகலப்படுத்த வேண்டும். நடுவில் கூர்முனை உள்ள பிட் இதற்கு உகந்தது. தொழிற்சாலை பிட் விட்டுப்போன கூர்த்தடம் குழியின் அடிமரத்தில் இருக்கிறது. புதிய பிட்டின் முனையை அதில் உட்காரவைத்தால் மையம் பிசகாது. வில்லையின் கனம் 1.5 மில்லிமீட்டர். குழி 1.4. மிச்சம் மேலே துருத்தி நிற்க வேண்டும், பிறகு இழைத்துச் சமப்படுத்த.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லவேண்டும். 9ஆம் ஃப்ரெட்டில் அவசரப்பட்டேன். பழைய வில்லையை எடுக்கத் துளையிட்டபோது பிட் வழுக்கி, ஓரத்தில் ஈட்டியில் ஒரு சிராய் பெயர்ந்துவிட்டது. அரிசிமணி அளவு வெள்ளைக் காயம். அண்ணனுக்கு போட்டோ அனுப்பினேன். “தூள வச்சிருக்கியா?” என்று மட்டும் கேட்டார்.

வேறு சிலர் பழைய புள்ளியை எடுக்க சால்டரிங் இரும்பின் நுனியை வைத்துச் சூடாக்குவார்கள். கீழே இருக்கும் பசை இளகும். ஆனால் புள்ளி செல்லுலாய்டாக இருந்தால் அந்த யோசனையே வேண்டாம். பழைய சினிமா ஃபிலிமாக இருந்து கொட்டகைகளை எரித்தது இதே பொருள்தான்.

எபாக்ஸியில் ஈட்டித் தூளைக் குழைத்தேன். பல்குச்சியால் ஒவ்வொரு குழியிலும் ஒரு பொட்டு. வில்லையை வைப்பதற்கு முன் விளக்கொளியில் சுழற்றிப் பார்க்க வேண்டும். சிப்பியின் மின்னலுக்குத் திசை உண்டு. ஒரு கோணத்தில் பளீரென்று வெட்டும், கால் சுற்று திருப்பினால் சாம்பலாகிவிடும். 12ஆம் ஃப்ரெட்டின் இரட்டையர் ஒன்றாக மின்ன வேண்டும். ஒன்று விழித்தும் ஒன்று தூங்கியும் இருந்தால் அசிங்கம். அந்த இரண்டுக்கு மட்டும் ஏறத்தாழ அரை மணி நேரம் செலவானது. 9ஆம் ஃப்ரெட்டின் காயத்திலும் தூள் கலந்த பசையைத் தடவினேன்.

மறுநாள் இழைப்பு. இங்கேதான் அண்ணன் சொன்ன ஆபத்து. ஃப்ரெட் பலகை தட்டையானது அல்ல, கூரை ஓடு மாதிரி லேசாக வளைந்தது. பழைய ஃபெண்டர் கழுத்தின் வளைவுக்கு ஆரம் 184 மில்லிமீட்டர். அதன்மேல் தட்டையான வில்லை உட்கார்ந்தால் நடுவுக்கும் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் முப்பத்தைந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. தலைமுடியை விட மெல்லியது. ஆனால் விரல் நுனி அதைக் கண்டுபிடிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஃப்ரெட் கம்பிகள். 12ஆம் ஃப்ரெட்டுக்கு முன் உள்ள இடைவெளி 19 மில்லிமீட்டர். 21ஆவதற்கு முன் 11 சொச்சம். அந்த இடுக்கில் உப்புத்தாளைச் சின்னக் கட்டையில் சுற்றி, கம்பிகளுக்கு டேப் ஒட்டிப் பாதுகாத்து, ஒரே இடத்தில் தேய்க்காமல் அலைந்து அலைந்து இழைக்க வேண்டும். ஓரிடத்தில் ஆழமாகிவிட்டால் பலகையில் பள்ளம் விழும். கம்பியில் கீறல் விழுந்தால் தந்தி இரையும். சத்தத்துக்கு உதவாத புள்ளி சத்தத்தைக் கெடுக்கும் வழி இதுதான்.

சிப்பி இழையும் சத்தம் மரம் இழையும் சத்தம் அல்ல. பல் மருத்துவரின் நாற்காலியை நினைவூட்டும் ஒரு கிரீச்சு. வாசமும் மாறுகிறது: ஈட்டியின் இனிப்பு போய், சுட்ட நகத்தின் வாசம். தகடுகளுக்கு இடையே சாந்தாக இருந்த புரதம் அது. 220, 400, 600 என்று உப்புத்தாளின் எண் ஏற ஏற வெள்ளைப் படலம் விலகி, உள்ளே இருந்த நிலா மெல்ல மேலே வந்தது. 9ஆம் ஃப்ரெட்டின் காயம் இருட்டிப் போய், மரத்தின் ரேகையோடு கலந்துவிட்டது. எங்கே என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

*

போலியை எடுத்துவிட்டு அசலை வைத்தோம் என்ற நிம்மதியோடு கதையை முடித்துவிடலாம். ஆனால் அண்ணனின் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு படம் அதற்கு விடாது.

1950களின் கிப்சன் லெஸ் பால் கிட்டார் அது. மிச்சிகனின் கலமசூவில் 1952 முதல் செய்யப்பட்டது. கழுத்தில் சரிவகக் கட்டங்கள். அவையும் சுழிப் பிளாஸ்டிக்தான், செல்லுலோஸ் நைட்ரேட். அதற்கு ஒரு காரணம் கணக்கிலேயே இருக்கிறது. கிப்சன் பலகையின் ஆரம் 12 அங்குலம். 50 மில்லிமீட்டர் அகலக் கட்டம் என்றால் நடுவுக்கும் ஓரத்துக்கும் 1 மில்லிமீட்டர் வித்தியாசம். 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள சிப்பியைத் தட்டையாகப் பதித்து வளைவாக இழைத்தால் ஓரத்தில் அரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும். சிப்பியை வளைக்க முடியாது, உடையும். பிளாஸ்டிக்கைச் சூடுகாட்டி வளைக்கலாம்.

அந்தப் பிளாஸ்டிக் நிரந்தரமும் அல்ல. அறுபது, எழுபது ஆண்டுகளில் சுருங்குகிறது, ஓரம் மேலெழும்புகிறது, வெடிக்கிறது. மோசமாகச் சிதைந்தால் அமில வாயுவை விட்டுப் பக்கத்து உலோகத்தையும் அரிக்கிறது. 1958 முதல் 1960 வரை வந்த சில லெஸ் பால்களின் இன்றைய விலைக்கு வீடு வாங்கலாம். அவ்வளவு விலையுள்ள கருவியில் கட்டம் பழுதானால் நல்ல சிப்பியை வைத்துவிடலாமே என்று நான் கேட்டேன்.

அண்ணன் சிரித்தார். “அங்க சிப்பிதான் தம்பி போலி.”

அவர் சொன்னது வணிக உண்மை. அத்தகைய கருவிகளைப் பழுது பார்ப்பவர்கள் தேடித் தேடி அதே செல்லுலோஸ் நைட்ரேட்டில், அதே சுழியில், அதே மஞ்சள் ஏறிய நிறத்தில் கட்டம் செய்து வைக்கிறார்கள். தீப்பற்றும், சுருங்கும், இன்னொரு அறுபது ஆண்டில் மறுபடி வெடிக்கும் என்று தெரிந்தே செய்கிறார்கள். 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் கிட்டாரில் களிமண் புள்ளியைப் பிடுங்கிவிட்டு ஒளிவீசும் சிப்பியைப் பதித்தால் அதன் மதிப்பு கூடாது, சரியும். புரூமின் ஆழத்திலிருந்து வந்த அசல் அங்கே அந்நியன். மங்கிப்போன மலிவுச் சரக்கு அங்கே வீட்டுக்காரன்.

அசல் என்ற சொல்லுக்கு நான் வைத்திருந்த பொருள் அன்று கொஞ்சம் நகர்ந்தது. எந்தக் கழுத்தோடு எந்தப் புள்ளி பிறந்து வளர்ந்ததோ அதுவே அந்தக் கழுத்துக்கு அசல். என் கிட்டார் சேகரிப்பாளர் தேடும் கிட்டார் அல்ல. அதில் சிப்பியைப் பதிக்க எனக்கு உரிமை உண்டு, பதித்ததில் வருத்தமும் இல்லை. ஆனால் இருபது வருடம் என் விரல்கள் ஏறி இறங்கியது அந்தப் பிளாஸ்டிக்கின் மேல்தானே.

கழுத்தை மாட்டி, நான்கு திருகுகளையும் முடுக்கி, தந்தி பூட்டினேன். 12ஆம் ஃப்ரெட் கம்பிக்கு நேர்மேலே விரலை வைத்து மீட்டினேன். ஹார்மோனிக் எழுந்தது, முன்பு எழுந்த அதே ஹார்மோனிக். தலையைக் குனிந்தபோது விளிம்பின் சின்னப் புள்ளிகள்தான் தெரிந்தன. எதிரே உட்கார்ந்திருந்த மகள், “அப்பா, அது மின்னுதுப்பா” என்றாள்.

பிடுங்கிய பத்துப் பிளாஸ்டிக் வில்லைகளும் குப்பைக்குப் போகவில்லை. நடுவில் திருகு ஓட்டையோடு, சிப்பி வந்த அதே உறைக்குள் போட்டு, ‘3 முதல் 21 வரை, பழசு’ என்று பேனாவால் எழுதி, கிட்டார் பெட்டியின் உள்ளறையில் வைத்தேன். அண்ணன் சொல்லாமலே.